கன்னியர் மடத்துக் கணக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோயும்

புனித அந்தோனியாரின் பெயரால் நமக்கெல்லாம் அறிமுகமான பதுவை நகரில், 1842ஆம் ஆண்டு இத்தாலிய அறிவியலறிஞர்களின் மாநாடு ஒன்று கூடியது. அங்கே தொமேனிகோ ரிகோனி-ஸ்டெர்ன் என்னும் மருத்துவர் புற்றுநோயைப் பற்றிய கணக்கு ஒன்றை முன்வைத்தார். அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடித்திருக்கவில்லை. எந்த நோயாளியையும் குணமாக்கியதாகச் சொல்லிக்கொள்ளவுமில்லை. வெரோனா நகரின் இறப்புப் பதிவேடுகளில் 1760 முதல் 1839 வரையிலான எண்பது ஆண்டுகளைப் பொறுமையாகப் புரட்டி, புற்றுநோயால் இறந்தோரை வயதின்படியும் நிலையின்படியும் வகுத்து எண்ணியிருந்தார். மணமானவர்கள், கைம்பெண்கள், மணமாகாதவர்கள், கன்னியர் மடங்களில் வாழ்ந்த துறவியர் எனப் பெண்களைப் பிரித்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு வேறுபாடு தென்பட்டது. கருப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களில் பெரும்பாலோர் மணமானவர்களும் கைம்பெண்களுமாக இருந்தனர். துறவியரிடையே அந்நோய் அரிதாக இருந்தது.

இறப்பேடு எழுதுதல் நம் திருச்சபைக்குப் புதிதன்று. திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் பதியும் கடமையைத் திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் பங்குக் குருக்கள்மேல் சுமத்தியது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இறப்பையும் பதியப் பணித்தது. நம் பழைய பங்குகளின் அலமாரிகளில் செல்லரித்துக் கிடக்கும் ஏடுகளைப் புரட்டுவோர்க்கு ஒன்று விளங்கும். இறந்தவரின் பெயர், தந்தையின் பெயர், அடக்கம் செய்த நாள், இறுதி அருளடையாளங்கள் பெற்றாரா என்பது ஆகியவை ஒழுங்காக இருக்கும். எதனால் இறந்தார் என்பது பெரும்பாலும் இராது. வெரோனா நகரத்தார் அந்தக் கடைசிக் கட்டத்தையும் நிரப்பி வைத்தமையால்தான், பிற்காலத்து மருத்துவர் ஒருவர் அதைக் கொண்டு கேள்வி கேட்க முடிந்தது.

கருப்பை நோய் கன்னியரிடையே அரிது என்றதும், அதிலிருந்து ஓர் அறநெறிப் பாடத்தை எடுத்துக்கொள்ள நம் மனம் விரைகிறது. தூய வாழ்வு உடலையும் காத்தது. ஒழுக்கம் தவறியோரை நோய் பற்றியது என்று ஒரு மறையுரையே இதன்மீது கட்டிவிடலாம். அவ்வாறு கட்டியவர்கள் உண்டு. ஆனால் ரிகோனி-ஸ்டெர்னின் அதே ஏடு இன்னொன்றையும் கூறிற்று: மார்பகப் புற்றுநோய் மணமான பெண்களைவிடத் துறவியரிடையே மிகுதியாக இருந்தது. இதை அவருக்கும் முன்னரே, 1700இல் தொழில்நோய்களைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாத்சினி குறித்திருந்தார். பிள்ளை பெறாமையும் பாலூட்டாமையும் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று இன்றைய மருத்துவம் விளக்குகிறது. ஆகவே, ஒரே வாழ்க்கைமுறை ஒரு நோயைத் தள்ளி வைத்து, மற்றொன்றை அருகே அழைத்தது. முதல் கணக்கைப் புண்ணியத்தின் கைம்மாறு என்று படிப்பவர், இரண்டாவது கணக்கை எதன் தண்டனை என்று படிப்பார்? பிறவிக்குருடர் ஒருவரைக் கண்ட சீடர், இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று ஆண்டவரிடம் வினவியதும், அவர் அந்த இரண்டையுமே மறுத்ததும் நாம் அறிந்தவையே. ஆயினும் நோய் என்று வந்துவிட்டால் நம்மில் பலர் இன்னும் அச்சீடரின் பக்கமே நிற்கிறோம்.

கணக்கிலும் குறை இருந்தது. அக்காலத்து ஏடுகள் "கருப்பைப் புற்று" என்று மட்டுமே எழுதின. கருப்பையின் உடற்பகுதியில் தோன்றும் புற்றும், அதன் கழுத்தாகிய கருப்பை வாயில் தோன்றும் புற்றும் வெவ்வேறு நோய்கள் என்று அவை பிரிக்கவில்லை. கனடாவின் கியூபெக் பகுதியைச் சேர்ந்த ஃபாபியன் காஞோன் என்னும் மருத்துவர் 1950இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்க முயன்றது. ஏறத்தாழ 13,000 துறவியர் வாழ்ந்த மடங்களின் மருத்துவக் குறிப்புகளை இருபது ஆண்டுகளுக்குத் தேடியும், கருப்பை வாய்ப் புற்று ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இச்செய்தி பாடநூல்களில் ஏறி உலகெங்கும் பரவியது. பின்னர், 1991இல் கிரிஃபித்ஸ் என்னும் மருத்துவர் இப்பழைய சான்றுகளையெல்லாம் மீளாய்வு செய்து, துறவியர்க்கு இந்நோய் அறவே வருவதில்லை என்னும் கூற்று நிலைநிற்காது என்று காட்டினார். அரிது என்பது வேறு, இல்லை என்பது வேறு. நம் அருட்சகோதரியரும் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம். மடத்துச் சுவர் மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

இனி, மருத்துவர்களின் மனத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். திருமணத்தோடும் உடலுறவோடும் தொடர்புடையதாக ஒரு புற்றுநோய் தோன்றுமானால், அவ்வுறவின் வழியே ஏதோ ஒன்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்ல வேண்டும். அது யாது? ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதற்கு விடை கிடைக்கவில்லை. விடைக்கான நூல் இழை, எவரும் பொருட்படுத்தாத ஓர் இடத்தில், நம் சிறுவர்களின் கைகளிலும் கால்களிலும் தோன்றும் மருவில் கிடந்தது. 1907இல் ஜியூசெப்பே சியூஃபோ என்னும் இத்தாலியர், மருவை அரைத்து, நுண்ணுயிர்கள் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றால் மீண்டும் மரு உண்டாவதைக் காட்டினார். பாக்டீரியாவினும் சிறிய ஒன்று, அதாவது ஒரு வைரஸ், மருவுக்குக் காரணம் என்பது அதனால் விளங்கிற்று. 1933இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு ஷோப், காட்டு முயல்களின் முகத்தில் கொம்புபோல் வளர்ந்த மருக்களுக்கும் அத்தகைய வைரஸே காரணம் என்று கண்டார். அவருடைய நண்பர் பெய்ட்டன் ரௌஸ், அம்முயல்களின் மரு நாளடைவில் புற்றாக மாறுவதையும் கண்டார். கொம்பு முளைத்த முயலைப் பற்றி வேட்டைக்காரர் கூறிய கதைகள் வெறுங்கதைகள் அல்ல போலும்.

முயலுக்கு நேர்வது மனிதருக்கும் நேருமா என்று கேட்பார் அன்று அரியர். இடைப்பட்ட காலத்தில் மற்றொரு வழியில் ஒளி பிறந்தது. கிரேக்க நாட்டிலிருந்து 1913இல் நியூயார்க் நகரில் வந்திறங்கிய ஜார்ஜ் பாப்பனிக்கொலாவு, கருப்பை வாயிலிருந்து உதிரும் அணுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தே புற்றின் அறிகுறியை அறியலாம் என்று 1928இல் அறிவித்தார். அவர்தம் மனைவி ஆந்த்ரோமகி பல ஆண்டுகள் தம்மையே அவ்வாய்வுக்கு உட்படுத்தினார் என்பது, அறிவியல் வரலாற்றில் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்ட தியாகம். ஏறத்தாழ அதே வேளையில் உருமேனிய நாட்டு அவுரெல் பாபேஷும் இவ்வழியைக் கண்டிருந்தார். ஆயினும் மருத்துவ உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. 1943இல் ஹெர்பர்ட் டிராவுட் என்பவரோடு சேர்ந்து பாப்பனிக்கொலாவு நூலாக வெளியிட்ட பின்னரே "பாப் சோதனை" நடைமுறைக்கு வந்தது. மேலைநாடுகளில் இந்நோயால் இறப்போர் தொகை சரிந்ததற்கு இச்சோதனை பெருங்காரணம். நன்கு பயின்ற ஆய்வாளர்களும் ஆய்வகங்களும் திரும்பத் திரும்ப அழைக்கும் ஒழுங்கும் இதற்குத் தேவை. அதனால்தான் ஏழை நாடுகளில் இது வேரூன்றவில்லை.

1951இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினத் தாய் வந்தார். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர், வயது முப்பது. கருப்பை வாயில் வளர்ந்திருந்த புற்றிலிருந்து சிறு துணுக்கை, அவருடைய அனுமதியைக் கேளாமலேயே ஆய்வுக்கு எடுத்தனர். அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். அத்துணுக்கின் அணுக்களோ ஆய்வகத்தில் இறவாமல் பெருகின. "ஹீலா" என்று பெயரிடப்பட்ட அவ்வணுக்கள் உலகெங்கும் சென்றன. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க உதவின. எண்ணற்ற ஆய்வுகளுக்கு அடித்தளமாயின. அவர் குடும்பத்தாருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியே தெரியாது. அவரைக் கொன்ற நோயின் காரணமும் அதே அணுக்களுக்குள் ஒளிந்திருந்தது.

அதனைக் கண்டவர் ஜெர்மானியரான ஹரால்டு ட்சூர் ஹவுசன். 1970களில் ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் ஒன்றே கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் என்று பெரும்பாலோர் கருதினர். இவர் தேடித் தேடிப் பார்த்தும் புற்றணுக்களில் ஹெர்ப்பிஸின் தடயம் அகப்படவில்லை. மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின்மீதுதான் அவர் ஐயம் விழுந்தது. 1974இல் ஃபுளோரிடாவில் நடந்த கூட்டத்தில் அவர் தம் முடிவுகளைச் சொன்னபோது அவையோர் வரவேற்கவில்லை. 1983இல் அவருடைய குழுவினர் எச்.பி.வி.16 என்னும் வகையையும், அடுத்த ஆண்டு எச்.பி.வி.18 என்னும் வகையையும் புற்றுத் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்தனர். ஹென்றியெட்டா லாக்ஸின் அணுக்களிலும் அந்தப் பதினெட்டாம் வகையே இருந்தது. உலகில் கருப்பை வாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதுக்கு இவ்விரு வகைகளே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. ட்சூர் ஹவுசன் அப்போதே தடுப்பூசி செய்யலாம் என்று ஒரு மருந்து நிறுவனத்தை அணுகினார். அதற்குச் சந்தை இல்லை என்று கைவிரித்துவிட்டனர். 2008இல் அவருக்கு நொபேல் பரிசு கிடைத்தது. அவர் 2023இல் மறைந்தார்.

எச்.பி.வி. என்னும் மனித பாப்பிலோமா வைரஸ் ஒன்றன்று. இருநூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில தோலில் மருவை உண்டாக்கும். ஏறத்தாழ நாற்பது வகைகள் பிறப்புறுப்புப் பகுதியைப் பற்றும். அவற்றுள் 6, 11 எனும் வகைகள் மருவோடு நிற்கும். பன்னிரண்டளவு வகைகள் புற்றை விளைக்கக்கூடியவை. தோலோடு தோல் உரசும் நெருக்கத்தில், பெரும்பாலும் உடலுறவில் இது பரவுகிறது. ஆணுறை ஓரளவே காக்கும். இது மிகவும் பொதுவானது. உடலுறவு கொள்ளும் ஆண்களும் பெண்களும் பெரும்பாலோர் வாழ்வில் ஒருமுறையேனும் இதைப் பெறுகின்றனர், பெற்றதை அறியாமலே இழந்தும் விடுகின்றனர். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலே இதை விரட்டிவிடும். விரட்ட இயலாத சிலருள்தான் ஆபத்து. அணுவின் பெருக்கத்திற்குக் கடிவாளமாக உடலில் இரண்டு புரதங்கள் உண்டு. வைரஸின் இரு புரதங்கள் அக்கடிவாளங்களை அறுத்துவிடுகின்றன. பின்னர் அணுக்கள் தறிகெட்டுப் பெருகும். ஆயினும் அது புற்றாக முதிரப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். எய்ட்ஸ் நோய்க்கிருமியால் எதிர்ப்பாற்றல் குன்றிய பெண்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளே போதும். இந்நீண்ட இடைவெளியே நமக்கு வாய்த்த கொடை. அந்த ஆண்டுகளுள் எப்போது கண்டுபிடித்தாலும், சிறு சிகிச்சையால் தடுத்துவிட முடியும். ஆண்களும் இதற்கு விலக்கல்லர். தொண்டையிலும் ஆண்குறியிலும் மலவாயிலும் தோன்றும் சில புற்றுகளுக்கு இதே வைரஸ் காரணமாகிறது.

திருமணத்துக்குள் வாழும் பெண்ணைப் பற்றி ஒரு சொல். கணவர் ஒருவரைத் தவிர வேறு எவரையும் அறியாத பெண்ணுக்கும் இந்நோய் வருகிறது. இத்தகைய பெண்களையே தனித்து ஆராய்ந்த இந்திய ஆய்வு ஒன்று 1993இல் வெளிவந்தது. கணவர் திருமணத்துக்கு முன்போ புறம்போ கொண்ட உறவுகள், மனைவியின் நோய்வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அது காட்டிற்று. ஸ்பெயின் நாட்டில் நடந்த ஆய்வும் 1996இல் இதையே கூறியது. ஆனால் நம் ஊர்களில் கருப்பை வாய்ப் புற்று என்று கேள்விப்பட்டதும் ஐயம் எழுவது யார்மேல்? நோயாளரைச் சந்திக்கச் செல்லும் குருக்கள் இதைக் கண்டிருக்கிறோம். "வயிற்றுக் கட்டி" என்று மட்டும் உறவினர்க்குச் சொல்லப்பட்டிருக்கும். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டும், மகளிடம்கூடச் சொல்லாமல் ஓராண்டை ஓட்டியிருப்பார் அந்தத் தாய். அவர் அஞ்சியது சாவுக்கன்று, ஊரின் வாய்க்கு. கணவரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதும் நம் நோக்கமன்று. தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் எவராலும் சொல்ல முடியாது. பல்லாண்டுகள் மறைந்திருந்து வெளிப்படுவது அதன் இயல்பு. ஆகையால் சோதனை முடிவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் ஒழுக்கத்தை அளக்க முற்படுவது அறியாமை.

தமிழ்நாடு இந்த வரலாற்றில் ஒரு பக்கத்தைப் பெற்றிருக்கிறது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. பாப் சோதனைக்கு வசதியில்லாத ஊர்களில் என்ன செய்வது என்று மருத்துவர்கள் தவித்தபோது, மிக எளிய வழி ஒன்று ஆராயப்பட்டது. சமையலறையில் உள்ள காடிக்கு இணையான, நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவுவர். கெட்டுத் திரியத் தொடங்கிய இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். அதை வெறுங்கண்ணால் பார்க்கலாம், ஆய்வகம் வேண்டா, அன்றே சொல்லிவிடலாம். இம்முறை உயிரைக் காக்குமா என்பதைச் சோதிக்கத் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்கள் 2000ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ நலவாழ்வு மையமும், கோவையின் பி.எஸ்.ஜி. மருத்துவ நிறுவனமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்தன. கேரளத்தில் பணியாற்றிய மருத்துவர் ரெங்கசாமி சங்கரநாராயணன் அம்முகமையின் சார்பில் ஆய்வை வழிநடத்தினார். பயிற்சி பெற்ற செவிலியரே சோதித்தனர். அவர்களே குளிரூட்டி உறையவைக்கும் சிகிச்சையும் அளித்தனர். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களே இலக்கு. 2007இல் முடிவு வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் நூற்றுக்கு 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. காடியும் பஞ்சும் கைவிளக்கும் சாதித்தது இது. அதே ஆண்டு தேனியிலும் தஞ்சையிலும் தமிழக அரசு முன்னோடித் திட்டமாகச் சோதனையைத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் விரித்தது. மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்து 2009இல் வெளியான ஆய்வு, வாழ்வில் ஒரே ஒருமுறை எச்.பி.வி. சோதனை செய்தாலும் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகும் என்று காட்டியது.

இவ்வாய்வுகளுக்கு ஒரு நிழலும் உண்டு. ஒப்பிடுவதற்கென்று வைக்கப்பட்ட ஊர்களின் பெண்களுக்குச் சோதனை அளிக்கப்படவில்லை; அவர்களுள் இறந்தோரும் உண்டு. நாட்டில் அன்று எங்குமே சோதனை இல்லாத நிலையில் இது வழக்கமான கவனிப்பே என்று ஆய்வாளர் கூறினர். பயன் தரும் என்று வேறு நாடுகளில் தெரிந்த ஒன்றை ஏழைகளுக்கு மறுத்து எண்ணிக்கை பார்க்கலாமா என்று மற்றவர்கள் கேட்டனர். நாம் இரண்டாமவரின் கேள்வியையே கனமானதாகக் கருதுகிறோம். அதேவேளை, இவ்வாய்வுகள் இல்லையென்றால் நம் அரசு செவிலியர் கையில் அந்தப் பஞ்சு இன்று இருந்திராது என்பதையும் மறுக்க முடியவில்லை.

தடுப்பூசியின் கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. 1991இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்துக்காரரான இயன் ஃபிரேசரும் சீனத்திலிருந்து வந்த ஜியான் ஜோவும், வைரஸின் மேலோட்டுப் புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கினர். அது தானாகவே உருண்டு வைரஸின் வடிவத்தைப் பெற்றது. உள்ளே மரபுப்பொருள் இல்லை. அரிசியில்லாத பதரைப்போல என்று நம் உழவர்க்குச் சொன்னால் விளங்கும்: பார்வைக்கு நெல், விதைத்தால் முளைக்காது. உடல் அந்தப் பதரைப் பகையென்று எண்ணி எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளர்களான டக்ளஸ் லோவி, ஜான் ஷில்லர் ஆகியோரும் இதற்கு உழைத்தனர். 2006இல் முதல் தடுப்பூசி அனுமதி பெற்றது. ஜோ அதைக் காணவில்லை; 1999இல், தம் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்துவிட்டார். கத்தோலிக்கர்களாகிய நம்மிடம் அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கு இங்கேயே விடை கூறிவிடலாம். இத்தடுப்பூசி ஈஸ்ட்டிலோ பூச்சியின் அணுக்களிலோ உண்டாக்கப்படுகிறது. கருக்கலைப்போடு தொடர்புடைய மனித அணுக்கள் எவையும் இதன் உற்பத்தியில் இல்லை.

மற்றொரு கேள்வி கடினமானது. உடலுறவால் பரவும் நோய்க்குப் பள்ளிச் சிறுமியர்க்கு ஊசி போடுவது தவறான செய்தியைத் தராதா? கனடாவின் கால்கரி நகரில் 2008இல் இது பெரும் வழக்காயிற்று. ஆயரின் அறிவுரையை ஏற்ற கத்தோலிக்கப் பள்ளி வாரியம், தன் பள்ளிகளில் இத்தடுப்பூசி போடப்படுவதைத் தடுத்தது. மருத்துவர்களும் பெற்றோரும் நான்காண்டுகள் வாதாடினர். 2012 நவம்பரில் வாரியமே தடையை நீக்கியது. அமெரிக்கக் கத்தோலிக்க உயிர்நெறி மையமோ 2006இலேயே இத்தடுப்பூசி நெறிப்படி ஏற்கத்தக்கது என்று கூறியிருந்தது. ஏறத்தாழ 1,400 சிறுமியரைப் பின்தொடர்ந்து 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ஊசி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் பிற்கால நடத்தையில் வேறுபாடு காணவில்லை. பெற்றோரின் கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் மறைக்கல்வியில் நாம் கற்பிக்கும் கற்புநெறி, புற்றுநோயின் அச்சத்தால் தாங்கப்பட வேண்டிய அளவு மெலிந்ததா? அச்சம் நீங்கியதும் சரிந்துவிடும் ஒழுக்கத்தை ஒழுக்கம் என்று எந்த அறநூலும் கூறவில்லை. மேலும், நன்னெறியில் வளர்ந்த நம் பெண் யாரை மணப்பாள் என்பதும், அவருடைய கடந்தகாலம் யாது என்பதும் நம் கையில் இல்லை.

நம் நாட்டில் தடுப்பூசி நுழைந்த விதம் வேறுவகையில் புண்பட்டது. 2009இல் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமியர் ஏறத்தாழ 24,000 பேருக்கு ஊசி போட்டது. ஏழு சிறுமியர் இறந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில் அவ்விறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. பாம்புக்கடி, நீரில் மூழ்குதல், பூச்சிமருந்து போன்றவை காரணங்களாயின. ஆனால் விசாரணை வேறொன்றை வெளிக்கொணர்ந்தது. பழங்குடிச் சிறுமியர் பலர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய ஒப்புதல் படிவங்களில், கம்மத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. பால்டிமோரில் 1951இல் நடந்ததை எண்ணிப் பார்ப்போர்க்கு இது புதிய கதையன்று. ஏழையின் உடல் கேட்காமலே எடுத்துக்கொள்ளத்தக்கது என்னும் எண்ணம் நாடு விட்டு நாடு செல்கிறது. வைரஸைவிட விரைவாகவே செல்கிறது. நல்ல மருந்தொன்று, கேட்க வேண்டியவர்களைக் கேளாமல் கொடுக்கப்பட்டதால், இந்நாட்டில் பல ஆண்டுகள் நம்பிக்கை இழந்தது. விடுதிகளும் பள்ளிகளும் நடத்துகின்ற நம் சபையினர் இப்பகுதியை இருமுறை படிக்கலாம்.

புனேயின் சீரம் நிறுவனம் உருவாக்கிய உள்நாட்டுத் தடுப்பூசி 2022இல் அனுமதி பெற்றது. அதே ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம், 9 முதல் 20 வயது வரையிலான பெண்களுக்கு இரண்டு ஊசிகளுக்குப் பதில் ஒரே ஊசியும் போதும் என்று அறிவித்தது. தொற்று நேருமுன் போடுவதே முழுப் பயன் தரும்; ஆதலால் 9 முதல் 14 வயதே சிறந்த காலம். ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி அகற்றாது. ஊசி போட்டவரும் முப்பது வயதைக் கடந்தபின் சோதனை செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அது எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. இயல்புக்கு மாறான இரத்தப்போக்கு, உறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை கண்டால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் 2008இல் பள்ளிகளில் ஊசி போடத் தொடங்கினர். 12, 13 வயதில் முழுமையாக ஊசி பெற்ற பெண்களிடையே ஒருவருக்குக்கூட இப்புற்று வரவில்லை என்று 2024இல் அந்நாட்டு ஆய்வு தெரிவித்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,27,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் என்றும் பன்னாட்டு மதிப்பீடு கூறுகிறது. உலகில் அவ்வாண்டு இந்நோயால் மாண்ட ஏறத்தாழ 3,50,000 பேரில், நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் ஏழை நாடுகளையும் நடுத்தர நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

திண்டுக்கல் ஆய்வின் ஒரு தொகை நம் மனத்தை விட்டு அகலவில்லை. சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். கட்டணம் இல்லை, செவிலியர் ஊருக்கே வந்தனர். வந்தவர்கள் 31,343 பேர். எஞ்சிய பதினெண்ணாயிரம் பேர் ஏன் வரவில்லை? நாட்கூலி போய்விடும் என்று சிலர். நோயில்லாத நமக்கு எதற்கு என்று சிலர். கணவரோ மாமியாரோ விடவில்லை என்று சிலர். கூச்சம் என்று பலர் இருந்திருப்பர். அவர்களில் ஒருவரையேனும், வாருங்கள் அக்கா, நானும் வருகிறேன் என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் தோழியர் நம் அன்பியங்களிலும் மரியாயின் சேனையிலும் இருக்கின்றனர். இன்று பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அச்சோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது.